ஐந்தாவது லினக்ஸ்

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெட்டி அரட்டை கிடையாது. லினக்ஸ் மட்டும் உண்டு. அதுவும் ஒன்றல்ல, ஒரே கம்ப்யூட்டரில் நான்கு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்குகிற அமைப்பு. இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எத்தனையோ வகை. மற்றவர்கள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இவருக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை.

எங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஓட்டல் மெனு மாதிரி ஒரு பட்டியல் வந்து நிற்கும். முதலாவது வீட்டு உபயோகத்துக்கு. இரண்டாவது அவருடைய ஆபீஸ் வேலைக்கு. மூன்றாவது புதிதாக வருவதையெல்லாம் சோதித்துப் பார்க்க. நான்காவது எதற்கு என்றால், மூன்றாவது கெட்டுப்போய் முதல் இரண்டையும் கெடுத்துவிட்டால் சரிசெய்வதற்கு. நான்காவதற்கு எப்போதும் வேலை இருந்தது.

இந்த நான்கும் தனித்தனிக் குடித்தனம். ஒன்றில் எழுதி வைத்தது இன்னொன்றின் கண்ணில் படாது. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கேள்வித்தாளை ஒன்றில் அடித்து வைத்துவிட்டு மறுநாள் வேறொன்றில் மணிக்கணக்காகத் தேடியது உண்டு. "எங்கயும் போயிருக்காது, வேற லினக்ஸ்ல இருக்கும்" என்று அவர் நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார். ஒருநாள் நான் போட்ட சத்தத்தில், டிஸ்க்கில் தனியாக ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குப் 'பொது' என்று பெயர் வைத்து, வீட்டில் எல்லோருடைய ஃபைலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். நான்கு லினக்ஸிலும் ஃபைலுக்குப் பதில் ஒரு சுட்டி இருக்கும். சுட்டி என்றால், பூட்டிய கதவில் 'எதிர் வீட்டில் கேட்கவும்' என்று சீட்டு ஒட்டியிருப்பது மாதிரி. நாம் சீட்டைத் தட்டினால் அது நேராகப் பொதுவுக்கு அழைத்துப்போய் அசல் ஃபைலைத் திறந்து காட்டிவிடும். நல்ல ஏற்பாடு. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஆனால் இவருக்கு லினக்ஸைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இருந்தது. பேக்கப். எந்த ஃபைலுக்கும் நகல் இருக்க வேண்டும், அதைச் சோதித்துப் பார்த்திருக்கவும் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், சவப்பெட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டு, பெரியவருடைய போட்டோவெல்லாம் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று அவர் மகனிடம் விசாரித்த மனிதர். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டிவந்தேன். இவர் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினிப் பிரிவில். அங்கே பேக்கப் எடுக்கிற பொறுப்பு வேறொருவருடையது. கம்பெனி இன்னும் நன்றாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் இரண்டு ஹார்டு டிஸ்க் இருந்தன. ஒன்று மேஜையில், இன்னொன்று பீரோவில் போர்வைகளுக்கு நடுவே. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாற்றி மாற்றிச் செருகி நகல் எடுப்பார். எடுத்து முடித்ததும் என்னையும் மகளையும் கூப்பிட்டு, ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து காட்டுவார். அது திறக்கும். "சோதிச்சுப் பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல" என்பார். கல்லூரிக்குப் போகிற பெண், வாயசைத்து அதையே கூடவே சொல்வாள். பார்த்துவிட்டு நாங்கள் அவரவர் வேலைக்குப் போவோம்.

என் பைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிலந்தி. வெளியே காட்டுக்கெல்லாம் போவதில்லை. வீட்டுக்குள் சுவரிலும் ஜன்னலிலும் அலமாரிக்குப் பின்னாலும் இருக்கிற சிலந்திகள்தான். பல வருடமாக அவற்றைப் படம் எடுத்துக் குறிப்பு எழுதி வந்தேன். இதற்காக வீட்டில் ஒட்டடை அடிக்க விட்டதில்லை. நாத்தனார் வந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு சோபாவின் நுனியில்தான் உட்காருவாள். போகட்டும். அந்தக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயதில் என் பெயர் போட்டு ஒரு புத்தகம். மாதக் கடைசியில் எழுத்தையும் படங்களையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. குளியலறை ஜன்னல் மூலையில் ஒரு நெட்டைக்கால் சிலந்தி இருந்தது. இந்த இனத்தில் தாய் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டே திரியும். குஞ்சு பொரிக்கும் வரை எதையும் தின்னாது, வாயைத் திறந்தால் முட்டை விழுந்துவிடும். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, ஆவி படக்கூடாது என்று வீட்டில் எல்லோரையும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்து, கடைசியில் குஞ்சுகள் வெளியே வந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் படம் எடுத்தேன். அன்றைக்கு ஸ்டூலிலிருந்து இறங்கும்போது கால் மரத்துப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் படங்கள் ஒவ்வொன்றும் பெரிய சைஸ். ஹார்டு டிஸ்க்குகள் நிரம்பத் தொடங்கின. இவர் ஆராய்ந்து பார்த்து, இடத்தை அடைப்பது படங்கள் அல்ல, இரட்டைகள் என்று கண்டுபிடித்தார். ஒரே ஃபைல் நாலு இடத்தில், ஆறு இடத்தில். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் நான் வைத்திருந்த நகலைக்கூட அழிக்கச் சொன்னார். ஒரே விஷயம் பல இடத்தில் இருந்தால் எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். கேமரா கார்டிலும் எதையும் விட்டுவைக்க விடவில்லை. உலகத்தில் நகல் எடு, நகல் எடு என்று தொண்டை வற்றக் கத்துகிறவரும், ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் தூக்கம் வராதவரும் ஒரே ஆள். அது எனக்கு அப்போதே விளங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்காக அவரே ஒரு புரோகிராம் எழுதினார். டிஸ்க் டிஸ்க்காகத் தேடிப்போய், ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை அழித்து, அந்த இடத்தில் ஒரு சுட்டியை வைத்துவிடும். ஒரு மாதம் கண்ணும் கருத்துமாக எழுதினார். வாராவாரம் பேக்கப் முடிந்த கையோடு தானாகவே ஓடும்படி அமைத்தார். இரட்டை எங்கே ஒளிந்திருந்தாலும் விடக்கூடாது என்று, செருகியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் தேடச் சொல்லி வைத்தார். முதல் தடவை ஓடி முடித்தபோது ஹார்டு டிஸ்க் கிட்டத்தட்ட காலி. மனுஷன் குழந்தை மாதிரி குதித்தார். எங்களை வெளியே அழைத்துப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சாப்பிடும்போதும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசிக்குப் பத்து பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, ஏதோ ஒரு லினக்ஸின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அதையும் போட வேண்டும் என்று ஆரம்பித்தார். ஐந்தாவது. டிஸ்க்கில் அதற்கு இடமில்லை. பொதுவைக் காலி செய்து, டிஸ்க்கைப் புதிதாகப் பிரித்து, பிறகு பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வைப்பதாகத் திட்டம். புத்தகம் போகிற வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. பிறகு ஹார்டு டிஸ்க்கைச் செருகினார்.

"நீயே ஒரு படத்தைச் சொல்லு. இதுல இருந்து திறந்து காட்டறேன்" என்றார்.

குளியலறைச் சிலந்தியைச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் திரை முழுக்க வந்து நின்றது. குஞ்சுகளின் கால்மூட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது டிஸ்க்கையும் செருகித் திறந்தார். அதுவும் அப்படியே. இதற்கு மேல் என்ன சொல்ல. என்னமோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன்.

மத்தியானத்துக்குள் பொது காலியானது, ஐந்தாவது லினக்ஸ் வந்து உட்கார்ந்தது. புதுப்பெண் வந்த வீடு மாதிரி அவர் முகத்தில் ஒரு களை. ஃபைல்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டதாகச் சொன்னார். அத்தனை படமும் ஒரு நிமிடத்திலா என்று கேட்டேன். புது லினக்ஸ் அவ்வளவு வேகம் என்றார்.

மகள்தான் கிட்டே போய்ப் பார்த்தாள். "அப்பா, எல்லா ஃபைலும் ஏன் இத்துனூண்டு இருக்கு?"

ஒரு படத்தைத் தட்டினார். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வந்தது. இன்னொன்றைத் தட்டினார். அதே பதில். ஹார்டு டிஸ்க்கிலேயே நேராகத் திறந்து பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து இரண்டாவதை எடுத்து வந்தார். பெயர்கள் எல்லாம் வரிசையாக, ஒன்று குறையாமல் இருந்தன. பெயர்கள் மட்டும்தான் இருந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, எல்லாம் சுட்டி என்று முணுமுணுத்தார். அவருடைய புரோகிராம் வாராவாரம் பேக்கப் டிஸ்க்குக்குள் போய், அங்கே இருந்த ஒவ்வொரு நகலையும் பார்த்து, இதுதான் பொதுவில் இருக்கிறதே, இது எதற்கு இன்னொன்று என்று அழித்துவிட்டுச் சீட்டு ஒட்டி வந்திருக்கிறது. எல்லாச் சீட்டும் பொதுவைக் கைகாட்டின. பொதுவைத்தான் அன்று காலையில் துடைத்து வைத்தாயிற்று.

"அப்போ வாராவாரம் எங்களைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினது எதை?" என்று கேட்டேன்.

"அசலைத்தான்" என்றார்.

நான் கத்துவேன் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். எனக்குக் கத்த வரவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஜன்னல் மூலையைப் பார்த்தேன். தாயும் இல்லை, குஞ்சுகளும் எப்போதோ போய்விட்டன. கொஞ்சம் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

திங்கட்கிழமை பதிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. பேக்கப் இருக்குமே, உங்கள் வீட்டுக்காரர்தான் எங்கள் ஆபீசுக்கு வந்து ஒரு மணி நேரம் அதைப் பற்றி வகுப்பு எடுத்தாரே என்றார். அந்த பேக்கப்தான் போய்விட்டது என்று நான் சொல்லி முடித்தேன். இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். பிறகு கனிவாகத்தான் பேசினார். அச்சகத்தில் இடம் பிடித்து வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடத்தில் கள்ளிச்செடி வளர்ப்பது பற்றிய புத்தகம் போய்விடும் என்றும், அதற்குப் பிறகு சிலந்திக்கு எப்போது இடம் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதாவது வராது என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு போட்டார். அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடாதாம். இந்த இடம் காலி என்று குறித்து வைக்குமே தவிர, வேறொன்று வந்து உட்காரும்வரை பழையது உள்ளேயே கிடக்குமாம். அதைத் தோண்டி எடுக்க ஒரு புரோகிராம் இருந்தது. நல்ல வேளையாக அதை இவர் எழுதவில்லை. நண்பரிடம் பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வந்து, கம்ப்யூட்டரையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் தோண்ட விட்டார். கம்ப்யூட்டரின் காற்றாடி இரைந்துகொண்டே இருந்தது. இவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு எதிரிலேயே சாப்பிட்டார். வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்த லட்சணம் இருக்கிறதே. எந்த ஃபைலுக்கும் பெயர் இல்லை, வெறும் எண். எந்த ஃபோல்டர் என்பதும் இல்லை. நான்கு லினக்ஸோடு வந்த மலைப்படங்களும் ஏரிப்படங்களும், திரையில் தெரிகிற சின்னச்சின்னப் பொம்மைகளும், அவற்றுக்கு நடுவே என் சிலந்திகளும் ஒரே குவியலாகக் கொட்டிக் கிடந்தன. அது மட்டுமா. வாராவாரம் நகல் எடுத்து வாராவாரம் அழித்தாரே, அந்த நகல்களும் எழுந்து வந்துவிட்டன. ஒரே சிலந்தி ஏழு தடவை. மூன்றாம் அத்தியாயம் ஒன்பது விதமாக. இரட்டையே இருக்கக்கூடாது என்று தவம் கிடந்தவர் கண்ணெதிரில் இரட்டைக்கு மேல் இரட்டையாக மலைபோலக் குவிந்து கிடந்தன. அவர் கை மெல்லத் தன் புரோகிராம் இருக்கிற பக்கம் போனதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். மலையையும் ஏரியையும் ஒதுக்குவது மகள். சிலந்திகளை ஒரே மாதிரி இருப்பவை ஒன்றாக வருமாறு அடுக்குவது அவர். பெயர் வைப்பது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக அந்த நாற்காலிதான். இத்தனை வருடத்தில் என் படம் ஒன்றைக்கூட அவர் நின்று பார்த்ததில்லை. சைஸைத்தான் பார்ப்பார். இப்போது நாள் முழுக்க அவருக்குச் சிலந்தி முகத்தில் விழிக்கிற விதி. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஒருநாள் சாயந்திரம் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இது ரெண்டும் ஒண்ணுதானே. ஒண்ணை எடுத்துடவா?"

பார்த்தேன். "ஒண்ணு சிலந்தி. இன்னொண்ணு அது கழட்டிப் போட்ட தோல்."

"ஒரே மாதிரி இருக்கே."

"அப்படியேதான் இருக்கும். கால், நகம், முடி எல்லாம் இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன். அவர் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நைசாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பிறகு அவர், எது தோல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். சிலந்தியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. முதுகில் மூடி மாதிரி திறந்திருக்கும் என்று காட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு தோல்களை அவரே ஒதுக்கினார், ஒன்றுகூடத் தப்பவில்லை.

குளியலறைச் சிலந்தி கடைசியில்தான் அகப்பட்டது. மேல்பாதி பளிச்சென்று இருந்தது. தாய், அதன் கண்கள், ஜன்னல் சட்டம். கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். குஞ்சுகள் தொங்கிய இடத்தில் எதுவும் இல்லை. மற்ற நகல்களையும் தேடிப் பார்த்தோம், எல்லாம் ஏதாவது ஒரு இடத்தில் அறுந்தே வந்திருந்தன. அவர் அதை வெவ்வேறு விதமாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விட்டுவிடுங்கள் என்றேன். விடவில்லை. வேறு ஏதோ புரோகிராமைத் தேடிப் பிடித்து முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனாலும் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புத்தகம் மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. குஞ்சுகளை எழுத்தில் மட்டும் சொன்னேன். மூன்றாம் அத்தியாயத்தின் ஒன்பது வடிவத்தில் எது கடைசி என்று தெரியாததால் புதிதாக எழுதினேன். முன்னதைவிட நன்றாக வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், வரவில்லை. கள்ளிச்செடிப் புத்தகத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள்.

அனுப்பிய அன்றைக்கே, எழுத்தும் படமும் மொத்தமாக ஒரு நகல் எடுத்தேன். நான் எடுத்தேன், அவர் அல்ல. அதை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய், எனக்கு மட்டும் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். நான் செருப்பைக் கழற்றும்போது, ஐந்தாவது லினக்ஸை அழித்துக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பி, எங்கே போய்விட்டு வருகிறாய் என்றார்.

"ஒரு நகல் எடுத்து வச்சிட்டு வரேன்."

"எங்க வச்சிருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம், சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டார். நான் சொல்லவில்லை.